திருவாதிரைக்கு ஒரு நம்பர்

கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு எழுத்து சார் என்று பெயர். கதை, கவிதை எழுதுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு கும்பிட்டவர்கள்கூட உண்டு. அதெல்லாம் ஒன்றும் கிடையாது. சுவரில் விளக்குப் பெட்டி மாட்டி, வரிக்கு வரி எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும் அல்லவா, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொல்வார்களே, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குச்சியோடு நிற்கிற ஆள். இருபத்தாறு வருடமாக அதே வேலை.

அவரை ஏமாற்ற முடியாது. லைசென்ஸுக்காக வருகிற டிரைவர்கள் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவன் படிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். முறை வந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எழுத்து சார் அசர மாட்டார். "ரொம்ப நல்லாருக்கு. இப்ப அதையே வலது பக்கத்துலேர்ந்து படிங்க" என்பார். அவ்வளவுதான், கதை கந்தல். ஆள் அசடு வழிய நிற்பான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இரண்டு வருடமாகத் தன் வீட்டு மொட்டை மாடியில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? வானத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

நட்சத்திரம் பார்ப்பது அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பைத்தியம். தொலைநோக்கி, முக்காலி எதுவும் கிடையாது. வெறுங்கண்தான். மாடி விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதலில் நாலைந்துதான் இருக்கும். பிறகு இருட்டு கண்ணுக்குப் பழகப் பழக, ஒளித்துவைத்தவன் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல வந்துகொண்டே இருக்கும். மங்கலானதை நேராகப் பார்த்தால் காணாமல் போய்விடும், கொஞ்சம் தள்ளி ஓரக்கண்ணால் பார்த்தால் "இதோ இருக்கேன்" என்று நிற்கும். அந்தச் சுகத்துக்காகவே அவர் கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஓடி வந்திருக்கிறார்.

மனைவி துணி தைக்கிறவள். பேண்டைக் குட்டையாக்குவது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, அந்த மாதிரி வேலை. பகலெல்லாம் தையல் மெஷினோடு மாரடித்துவிட்டுச் சாயங்காலம் அவரோடு மாடிக்கு வருவாள். அதே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்துகிற நட்சத்திரச் சங்கத்துக்காக அவர் பார்ப்பதைக் குறித்துக்கொள்வது அவள் பொறுப்பு.

முக்கியமாகத் திருவாதிரை. அந்த நட்சத்திரம் ஒரு நிலையில் நிற்காது. சில காலம் தூக்கலாக எரியும், சில காலம் மங்கும். பக்கத்தில் இருக்கிற ரோகிணி மாதிரியான நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இவ்வளவு என்று ஒரு நம்பர் போட வேண்டும். இதில் இரண்டு கோணல் உண்டு. நம்பர் ஏறினால் வெளிச்சம் இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டாவது, நட்சத்திரப் படத்தில் தசமப் புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரமென்று எவனாவது எண்ணித் தொலைப்பான் என்பதால் புள்ளியையே வைப்பதில்லை. பூஜ்யம் புள்ளி ஐந்து என்றால் வெறும் அஞ்சு.

"ஏறினா இறங்குதுன்னு அர்த்தமா? யாரு போட்ட கணக்கு இது? எல்லாத்தையும் தலைகீழா செய்யற உங்க அண்ணன் மாதிரி ஒருத்தர்தான் போட்டிருக்கணும்" என்று கல்யாணமான புதிதில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. "எவ்வளவு?" என்பாள். "அஞ்சு" என்பார். பென்சிலால் எழுதிக்கொள்வாள். வாராவாரம் சங்கத்துக்கு அனுப்பி வைப்பதும் அவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மங்கலான நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. புகை, தூசி என்று முதலில் ஊரைத் திட்டினார். பிறகு ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமே போய் உட்கார்ந்தார். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முதல்ல ராத்திரிப் பார்வை போகும் சார். பகல் இன்னும் சில வருஷம் தாங்கும். இதுக்கு மருந்து இல்ல" என்றார். எழுத்து சார் தலையை ஆட்டிக்கொண்டார். "வெளியில சொல்லாதீங்கம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்து மறுபடியும் குச்சியை எடுத்தார். அன்றைக்கு இன்னும் பதினோரு பேர் பாக்கி இருந்தார்கள்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கும், ஆனால் நம்முடையது இல்லை என்பதுபோல இருக்குமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு உள்ளே. சாப்பிட்டார், தூங்கினார், மச்சினன் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தார். எல்லாம் சரியான நேரத்துக்கு நடந்தது.

ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. மனைவிக்குத் தெரிந்தால் மாடி நின்றுவிடும். "பாவம், எதுக்கு அந்த இருட்டுல போய் உக்காந்துக்கிட்டு" என்று கீழேயே உட்காரவைத்து டிவியைப் போட்டுவிடுவாள். அதற்கு மட்டும் அவர் தயாராக இல்லை. மற்றது எது போனாலும் சரி, சாயங்காலம் அந்த நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நம்பர் சொல்ல வேண்டும்.

அதனால் படியை எண்ணிக்கொண்டு ஏறினார். கழுத்தைத் தூக்கினார். கறுப்பு. முப்பது வருடப் பழக்கத்தில் எந்த மாதம், எத்தனை மணிக்கு எது எங்கே இருக்கும் என்று தெரியாதா என்ன? "ரோகிணி நல்லா மேல வந்துடுச்சு" என்பார். "திருவாதிரை அஞ்சு" என்பார். சந்தேகம் வரக் கூடாதென்று நடுநடுவே ஆறு, நாலு என்றும் போட்டுக்கொள்வார். பலே கெட்டிக்காரர்! அவள் எழுதிக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் எதிராளி இருக்கிறானா போய்விட்டானா என்று பார்க்க மாட்டார்.

"சார், பின்னிட்டீங்க! கண்ணா சார் அது? திருவாதிரை மங்குதுன்னு இப்பத்தான் எல்லாரும் குய்யோ முறையோன்னு கத்தறாங்க. நீங்க நவம்பர் கடைசியிலயே ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. டிசம்பர்ல பன்னெண்டு. போன வாரம் பதினஞ்சு! நம்ம சங்கத்துலயே நீங்கதான் முதல் ஆளு. அடுத்த கூட்டத்துல உங்களுக்கு ஒரு மாலை போடாம விடறதில்ல."

"மங்குதா?" என்றார் எழுத்து சார்.

"அட, தன்னடக்கத்தைப் பாரு!" என்று சிரித்துவிட்டுச் செயலாளர் போனை வைத்தார்.

நவம்பர் முழுக்க அவர் சொன்னது அஞ்சு. டிசம்பரில் நாலுகூடச் சொல்லியிருக்கிறார். தலைவலி என்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி ஜிப் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நோட்டு தையல் மெஷினின் இழுப்பறையில் கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தார்.

ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நம்பர் இருந்தது. பென்சிலில் ஒன்று, அவர் சொன்னது. பக்கத்தில் பேனாவில் ஒன்று. அஞ்சு, ஒன்பது. நாலு, பன்னிரண்டு. ஆறு, பதினைந்து. பேனாவால் எழுதியதுதான் சங்கத்துக்குப் போயிருக்கிறது, அவர் பெயரில். அவர் பின்னால், பின்னால் என்று புரட்டிக்கொண்டே போனார். ஒரு வருடமும் எட்டு மாதமும் பின்னால் போனபிறகு பேனா நின்றது. அதுதான் முதல் நாள். பென்சிலில் "அஞ்சு" என்று இருந்தது. பக்கத்தில் பேனாவில் நம்பர் இல்லை. "மேகம்" என்று எழுதியிருந்தாள்.

வானம் முழுக்க மூடிக்கிடந்த ஒரு சாயங்காலம் அவர் அண்ணாந்து பார்த்து அஞ்சு என்று சொல்லியிருக்கிறார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அதையும் எழுதியிருக்கிறாள்.

வெட்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். வெட்கமும் வரவில்லை. நோட்டை மேலும் படித்தார். ஆரம்பத்தில் நம்பர் மட்டும்தான் எழுதியிருந்தாள். போகப்போகப் பக்கத்தில் ஏதாவது ஒரு வரி. "இன்று காற்றே இல்லை, ஒன்றும் நடுங்கவில்லை." "ஒன்று விழுந்தது, பச்சையாக, சத்தம் போடாமல் இருக்கப் பாடுபட்டேன்." "பதினொரு மணிக்குத் தனியாக வந்து இன்னொரு தரம் பார்த்தேன்." இழுப்பறையை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே" என்றாள்.

சாயங்காலம் வழக்கம்போல மாடி. வழக்கம்போல இருபது நிமிஷம். பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ நாள் அதே சத்தத்தைக் கேட்டிருக்கிறார், பென்சிலுக்கு ஏது மூடி என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"எவ்வளவு?" என்றாள்.

அஞ்சு என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கும் இந்த நாற்காலி உண்டு, அடுத்த வருடமும் உண்டு. அவள் எழுதிக்கொள்வாள். ஒரு பாபமும் இல்லை.

"மேகமா இருக்கா?" என்று கேட்டார்.

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.

"எப்ப பார்த்தீங்க நோட்டை?"

"மத்தியானம். செயலாளர் மாலை போடறேங்கறார்."

"போட்டுக்குங்க. உங்க கழுத்துக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றவள் உடனே மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல? டாக்டரம்மாகிட்ட சொன்னீங்க, என்கிட்ட சொன்னீங்களா? நானே போய் அந்தம்மாவைப் புடிச்சுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குத் தெரியும்னு சொன்னா மறுநாளே நீங்க மாடிப் பக்கம் வர மாட்டீங்க. வீம்பு உங்களுக்கு. நீங்க வரலைன்னா நான் எப்படிங்க வர்றது?"

"நீ எதுக்கு வரணும்?"

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. "எனக்குப் புடிச்சிருக்குங்க. முதல்ல உங்களுக்காகத்தான் வந்தேன். இப்ப எனக்கே புடிச்சிருக்கு. பகல்ல ஊசியில நூல் கோக்கும்போதுகூட சாயங்காலம் எப்ப வரும்னு இருக்கு. உங்களுக்குப் போயிட்டு இருக்கு, எனக்கு வந்துட்டு இருக்கு. திருடின மாதிரி இருக்குங்க. அதை எப்படி உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்றது?"

எழுத்து சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி. இப்ப சொல்லு. என்ன தெரியுது?"

"வேண்டாங்க."

"சொல்லுன்னா."

சொன்னாள். திருவாதிரை இப்போது வெளிச்சத்தில் ரோகிணியைவிடக் கீழே இறங்கிவிட்டதாம். அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறதாம், ஆனால் அடுப்பில் தணல் நீறு பூத்துவருகிற சிவப்பு. தெற்கே தாழ்வாக ஒன்று மினுக்குகிறதாம், நிமிஷத்துக்கு ஒரு நிறம் காட்டுகிறதாம். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பிறகு அவர் இருப்பதையே மறந்துவிட்டாள். குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. அந்தக் குரலை அவர் பல வருடமாகக் கேட்டதில்லை.

"கார்த்திகைக் கூட்டத்துல எத்தனை எண்ணறே?" என்று கேட்டார்.

"ஏழு."

"ஏழா?"

"சில நாள் எட்டுகூட."

அவருக்கு ஆறுக்கு மேல் வந்ததே இல்லை. முப்பது வருடத்தில், கண் கண்ணாக இருந்த காலத்தில், எத்தனை ஓரக்கண் போட்டாலும் ஆறுதான்.

பொறாமை வந்தது. மெதுவாகவெல்லாம் வரவில்லை, சுரீரென்று வந்தது. இவள் பார்க்கிறாள், நான் பார்க்கவில்லை. இவள் இனிமேலும் பார்ப்பாள், நான் இனிமேல் பார்க்கவே மாட்டேன். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது. டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு வர வேண்டியது இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தது. அவர் வாய்விட்டு அழுதார். குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக, அக்கம்பக்கத்து மாடியில் ஆள் இருக்கிறதா என்றுகூட யோசிக்காமல் அழுதார்.

அவள் பதறிப்போய் எழுந்து நோட்டை மூடினாள். "நான்தான் வேண்டாம்னேனே. வாங்க, கீழ போலாம்."

எழுத்து சார் அவள் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார். சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழுங்கறியே, புளுகாத" என்றார். "சத்தமா எண்ணு. நான் கேக்கறேன்."

அவள் எண்ண ஆரம்பித்தாள்.