தெரிமா காசே, தலைவரே

கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாகக் கன்னையாதான் தலைவர். ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதவி விலகுவார். உடனே நாங்கள் எழுந்து, "போகாதீங்க தலைவரே!" என்று கத்த வேண்டும். அவரும் மனமிரங்கி இருந்துவிடுவார். இந்தக் கூத்துக்குத்தான் எங்கள் ஊரில் தேர்தல் என்று பெயர்.

உண்மையான தேர்தல் வேண்டும் என்று போன ஆண்டு மும்தாஜ் அக்கா கேட்டார். மறுநாளே அவருடைய நாசி லெமாக் சோற்றுக் கடையை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு கூட்டத்தை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

"உடம்பு முடியல லா. நான் விலகிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கன்னையா மைக்கை என்னிடம் நீட்டினார்.

வாங்கியதும் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "தெரிமா காசே, தலைவரே!"

பாழாய்ப்போன மைக்குக்குத்தான் மலாயில் நன்றி சொன்னேன். ஒலிபெருக்கியில் அது அவர் விலகியதற்கு நன்றி சொன்ன மாதிரி கேட்டது.

கன்னையா சிரித்தார். "பரவாயில்ல புனிதா. உன் வீடு எந்த மாடிம்மா?"

பக்கத்து வீட்டு லோகேஸ்வரிதான் எழுந்து, கதவு எண்ணையும் சேர்த்துச் சொன்னாள்.