நாலாவது குழாய்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எண்ணுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியின் அடியிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் குழாய் குழாயாக எடுத்த சேற்றில், வெறும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் கண்ணாடி ஓடுகள் கிடக்கும். உப்புநீர்ப் பாசி எத்தனை, நன்னீர்ப் பாசி எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணினால் பத்தாயிரம் வருடத்துக்கு முந்தைய தண்ணீரின் ருசியே தெரிந்துவிடும்; ஏரி வற்ற வற்ற உப்பு ஏறும். பதினாலு மாதம் எண்ணினாள். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தக் கணக்கை வைத்து எழுதிய கட்டுரையின் அச்சுப்படி, வெளியாகும் முன் சரிபார்க்க வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. நன்றி சொல்லும் இடத்தில் படகோட்டி கூட இருந்தார். கூடத்தின் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அக்காவின் கணவர்.

"நம்ம வீட்டுப் பொண்ணு பேரைப் போட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கம்மா. அடுத்ததுல பார்த்துக்கலாம்," என்றார் அத்தான். போன கட்டுரைக்கும் இதையேதான் சொன்னார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அதே எரிச்சலோடு அச்சுப்படியைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஏரி இரண்டு முறை திடீரென்று வற்றியதாம். சுத்த அபத்தம். படகில் நாலாவது குழாய்க்கு மூடி போட்டவர் அத்தான். 'மேல்' என்று எழுதிய மூடியை அடியில் மாட்டிவிட்டார். குழாயைத் தலைகீழாக்கிப் படித்தால் பாசிக் கணக்கும் ஒட்டுகிறது, அதே சேற்றில் கிடந்த நுண்சிப்பிகளின் ஓடு காட்டும் உப்பளவும் ஒட்டுகிறது. ஏரி ஆயிரம் வருடமாக மெல்ல மெல்லத்தான் வற்றியிருக்கிறது. இதை எண்ணும்போதே கண்டுபிடித்து நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். அத்தான் அட்டவணையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரட்டும், அச்சிலேயே வரட்டும் என்று கறுவிக்கொண்டு மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கட்டுரை வெளியான மறுநாள் கருத்தரங்கு. நிரம்பிய அரங்கில் அத்தான் பேசி முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்தாள்.

"மூணாவது குழாயோட அடியும் நாலாவதோட மேலும் ஏன் ஒட்டல சார்? நாலாவதைத் திருப்பி வச்சா ரெண்டு பக்கமும் ஒட்டுதே."

அவரை அவள் சார் என்றது அதுதான் முதல் தடவை. வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் நோட்டைக் கேட்டார். கையோடுதான் கொண்டுவந்திருந்தாள். அத்தான் தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"கட்டுரையைத் திரும்பப் பெறணுமாம். பதவியும் போயிடும்னு சொல்றாங்க. கட்டுரையில தப்பு இருக்குன்னு உனக்கு இன்னைக்குத்தானே தெரிஞ்சுது?"

"இல்லக்கா. மூணு வாரமாத் தெரியும்."

"நடுவுல மூணு ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து சாப்பிட்டியேடி. அவர்தானே உனக்குப் பரிமாறினாரு."

"ஆமாக்கா," என்றாள். "நல்லாவே சாப்பிட்டேன்."

அக்கா போனை வைத்துவிட்டாள். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து அழுதாள். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.