பட்டாணிப் பாக்கெட்

ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவளுக்கு இருமல் வந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். இருமலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தான் முடியவில்லை. மாத்திரை போட்டும் தையல் சுண்டி இழுத்தது. ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே பிள்ளையை அம்மாவிடம் நீட்டினேன். பசி தீராமல் அவன் அழுதான், கூடவே நானும் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரேணுகா இதற்கு வழி சொல்லித்தான் அனுப்பினார். ஐஸ் பையைத் துணியில் சுற்றி, கட்டு நனையாமல் கால் மணி நேரம் வயிற்றின் மேல் வைக்கலாமாம். ஐஸ் பை இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த பட்டாணிப் பாக்கெட்டே போதுமாம், வயிற்றோடு வளைந்து படியுமாம். பாவம், நான் வந்து சேர்ந்த நேமத்தான்பட்டி வீட்டில் என் அம்மா நாகவல்லி இருப்பது அவருக்குத் தெரியாது. பச்சை உடம்புக்காரி குடிக்கிற தண்ணீர்கூடச் சுடச்சுட இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். "ஐஸா? ஜன்னி கண்டுரும்டி" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

அதனால் என் வீட்டுக்காரர் சிவராஜிடம் ரகசியமாகச் சொன்னேன். காரைக்குடியில் மரவேலை முடித்து வரும்போது ஒரு பட்டாணிப் பாக்கெட் வாங்கி வந்து, சத்தமில்லாமல் ஃப்ரீசரில் வைத்தார்.

அன்று இரவே அது குருமாவாகிவிட்டது.

"மாப்பிள்ளை ஆசப்பட்டு வாங்கியாந்திருக்காக. வாய்விட்டுக் கேக்கக் கூச்சம் போல" என்றாள் அம்மா, இரண்டாவது கரண்டியும் ஊற்றியபடி. மனுஷர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுநாள் இன்னொரு பாக்கெட் வந்தது, பொரியலானது. அதற்கு மறுநாள் பட்டாணிச் சாதம். எனக்கு வந்த கோபத்தில் தையலே பிரிந்துவிடும் போலிருந்தது.

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"அத்தகிட்ட எப்புடி பிரியா சொல்றது? நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏப்பம் விட்டுக்கொண்டே.

ஒருவழியாக அவருக்கும் மூளை வேலை செய்தது. அடுத்த முறை இரண்டு பாக்கெட் வாங்கினார். ஒன்றை அம்மா கண்ணில் படும்படி வைத்தார், மற்றதை ஐஸ் தட்டுக்கு அடியில் ஒளித்தார். காலையில் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனதும் அதைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

வயிற்றில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலி மெல்ல மரத்துப்போனது. தலையணையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். பிள்ளை குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே தூங்கிப்போனான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மா உள்ளே வந்தாள். வயிற்றின் மேலிருந்த துண்டு மூட்டையைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, குனிந்து என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாதம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் பிள்ளையைப் பார்த்தாள்.

"முழுசாக் குடிச்சானா?"

"குடிச்சுட்டான்மா." எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இத்தன நாளா ஒன் மருந்தையாடி ஆக்கிப் போட்டேன்?"

விறுவிறுவென்று போனாள். என்னைத் திட்ட ஆள் கூட்டி வரப் போகிறாள் என்று நினைத்தேன். கம்பளிக் காலுறையும் பஞ்சும் கொண்டு வந்தாள். "வைக்கிறதுன்னா காத அடைச்சுக்கிட்டு வையி." வயிற்றில் ஐஸும் காதில் பஞ்சும் காலில் கம்பளியுமாக உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி அவர் இலையில் கத்தரிக்காய் கூட்டு விழுந்தது.

"தப்பா நெனைக்காதீக மாப்பிள்ளை. இனி இந்த வீட்டுல பட்டாணி ஆக்க மாட்டேன். அது எம்மகளுக்கு வேணும்" என்றாள் அம்மா.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் அம்மா வீட்டில் அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.