புண் ஆறியது எதனால்?

எங்கள் ஆய்வுக்கு இரண்டு கேள்விகள். சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைப் புதுக் கட்டு ஆற்றுகிறதா? நர்ஸ்கள் நாங்கள் ஆய்வைச் சொன்னபடி நடத்துகிறோமா? மருந்துக்கும் பரீட்சை, எங்களுக்கும் பரீட்சை. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, "கட்டு மாத்துனீங்களா?" என்று கேட்டு, படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். என் பொறுப்பில் பன்னிரண்டு பேர்.

அதில் ஒருத்தி என் அக்கா. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்பவள். சொன்ன பேச்சு கேட்கிற பிறவி இல்லை. போன வருஷம் ஒரு கால்விரலை எடுத்தாயிற்று. இன்னொன்றும் போய்விடுமோ என்ற பயத்தில் அவளை மட்டும் தினமும் காலையில் கூப்பிட்டேன். டிக் என்னவோ வாரத்துக்கு ஒன்றுதான்.

எட்டாவது வாரம் அக்காவின் புண் மூடிவிட்டது. மற்றவர்களுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. ஆய்வைத் திட்டமிட்ட டாக்டர் படிவங்களோடு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் ஒரே கட்டு, ஒரே போன். இவங்களுக்கு மட்டும் எப்படி ஆறுச்சு?"

"அவங்க என் அக்கா, டாக்டர். தினமும் கூப்பிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஆத்துனது கட்டா, போனா?"

எனக்கென்ன தெரியும்? அக்காவையே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"கட்டா? பாதி நாள் மறந்துட்டேன்டி. மாத்திட்டேன்னு உன்கிட்ட சும்மா சொன்னேன்."

"அடிப்பாவி!"

"நீ பேசுனதைத்தான் எங்க கேட்டேன்? கடையில உட்கார விடமாட்டாங்க. ஆஸ்பத்திரி போன்னா மட்டும் மேனேஜர் வாயைத் திறக்கமாட்டார். நீ வச்சப்புறமும் போனைக் காதுல வச்சுக்கிட்டு, 'சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்'னு மதியம் வரைக்கும் ஸ்டூல்லயே இருப்பேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார். காலில் பாரம் இல்லாமல் உட்கார்ந்ததற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டை அவள் ஒழுங்காகப் போடவில்லை, போனை நான் ஒழுங்காகச் செய்யவில்லை, புண் மட்டும் ஆறிவிட்டது. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா?

பட்டியலில் அடுத்தவர் ஒரு வாட்ச்மேன். அவர் விரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"கட்டு மாத்திட்டேன் சிஸ்டர், ஒரு நாள்கூட விடல" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"இப்ப நிக்கிறீங்களா, உட்கார்ந்திருக்கீங்களா?"

"கேட்டுல நிக்கிறேன். உட்கார்ந்தா வேலை போயிடுமே."

எட்டு வாரமும் அவருக்கு டிக் அடித்தவள் நான். வெட்கமாக இருந்தது.

"இது நம்ம திட்டத்துல..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"உங்க சூப்பர்வைசர்கிட்ட போனைக் குடுங்க" என்றேன், வாட்ச்மேனிடம்.