சிரிப்புப் படத்தில் கண்டக்டர்

சினிமாக்காரர்கள் வந்து இறங்கிய அன்றே டிரைவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முதியோர் இல்லத்து வாசலில் மூன்று வண்டிகள். தரையெல்லாம் பாம்பு பாம்பாக ஒயர். கிழவர்களை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கிறார்களாம். இப்படி ஓர் இல்லத்தில் நாலு கிழட்டுச் சிநேகிதர்கள் சேர்ந்து கும்மாளம் போடுகிற கதையாம். நாலு பேரும் நரைமுடி ஒட்டிய நடிகர்கள். பின்னால் உட்கார மட்டும் நிஜக் கிழவர்கள் வேண்டுமாம்.

"நிஜக் கிழவனுங்களை வச்சு எடுத்தா சிரிப்பாய்யா வரும்? இருமல்தான் வரும்" என்றார் டிரைவர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளாளுக்குத் தலை சீவப் போய்விட்டார்கள்.

அவருடைய பயமெல்லாம் கண்டக்டரைப் பற்றித்தான். இரண்டு பேரும் பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். ஓடினார்களே தவிர, அதிகம் பேசிக்கொண்டதில்லை. இவர் முன்னால், அவர் பின்னால், நடுவில் ஐம்பது தலை. சொல்ல வேண்டியதை விசில் சொல்லிவிடும். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. வேலை ஓய்ந்தபிறகுதான் இந்த இல்லத்தில் ஒன்பதாம் எண் அறையில் ஒன்றாக வந்து விழுந்தார்கள்.

ஒரு வருஷமாகக் கண்டக்டருக்கு நினைவு கழன்றுகொண்டே வந்தது. முதலில் பேரப்பிள்ளைகள் பெயர் போயிற்று. பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது போயிற்று. கடைசியில் கக்கூஸுக்குப் போகும் வழியும் போயிற்று. எழுந்து வா என்றால் விழிப்பார். ஆனால் டிரைவர் நாக்கை மடித்து இரண்டு தடவை விசிலடித்தால் கால் தானாக நடக்கும். நாற்காலிப் பக்கம் வந்ததும் ஒரு விசில், ஆள் நின்றுவிடுவார். "பஸ் கெளம்பிருச்சுடோய்" என்று மற்ற கிழவர்கள் கிண்டல் செய்வார்கள். விளையாட்டு என்றே நினைக்கட்டும் என்று டிரைவர் விட்டுவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கீழ்த்தளம். புத்தி தவறியவர்களுக்கு மாடி. மாடியில் கதவுக்குப் பூட்டு உண்டு. கீழே இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். கண்டக்டர் மேலே போய்விட்டால் டிரைவருக்கு வாயைத் திறக்க ஓர் ஆள் கிடையாது. மகள் மாதம் ஒருமுறை போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள். பதில் சொல்வதற்குள் வேறு யாரையோ அதட்டிக்கொண்டிருப்பாள். கண்டக்டருக்கு நினைவு தப்பிய விஷயத்தை டிரைவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எவன் எங்கே வைத்துப் போட்டுக்கொடுப்பான் என்று யாருக்குத் தெரியும்?

ஆள் பொறுக்க வந்த பெண் நேரே கண்டக்டரிடம்தான் போனாள். "இந்தத் தாத்தாவுக்கு முகமே சிரிக்குது சார்!"

"அவனால முடியாதும்மா. மூட்டு வலி" என்றார் டிரைவர்.

"நேத்துகூட ஜம்முனு நடந்தாரே!" என்றாள் மேட்ரன். இல்லத்தைக் கட்டி ஆள்பவள் அவள். "போகட்டும் விடுங்க. அவரே ஆசையா இருக்காரு."

அதற்கு மேல் இழுத்தால் சந்தேகம் வரும். "அப்ப நானும் பக்கத்துல உக்காருவேன்" என்று முறைத்துக்கொண்டு சொன்னார்.

சாப்பாட்டுக் கூடத்தில் காட்சி. நாலு நடிகர்களும் சீட்டாட்டத்தில் சண்டை போடுவார்கள். அந்த நேரம் கண்டக்டர் டீ கிளாஸோடு வாசலிலிருந்து வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டு விசில், ஒரு விசில், வேலை முடிந்தது என்று டிரைவர் கணக்குப் போட்டார்.

விசிலடித்ததும் டைரக்டர் எகிறினார். "யாருய்யா அது? பெரியவரே, சத்தம் வரக் கூடாது. இன்னொரு தடவை அடிச்சீங்க, வெளிய அனுப்பிருவேன்."

வெளியே போய்விட்டால் கண்டக்டரை யார் பார்ப்பது? டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மறுபடி காமிரா ஓடியது. கண்டக்டர் வாசலில் நின்றார். கிளாஸைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"டிக்கெட், டிக்கெட்! உள்ள தள்ளிப் போங்க. படியில தொங்காதீங்க. ஏம்மா, மடியில பிள்ளைக்கு என்ன வயசு?"

கடைசிக் கேள்வி, சீட்டாட்டச் சண்டையில் இன்னொரு நடிகரின் மடியில் சாய்ந்து கிடந்த குண்டு நடிகரைப் பார்த்து. அந்த ஆள் கெட்டிக்காரன். "மூணு வயசுங்க" என்றான்.

"மூணு வயசுக்கு மீசையா? எறங்குய்யா கீழ!"

கூடமே வெடித்தது. டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு, எடு எடு என்று கையால் காட்டினார். கண்டக்டர் டிரைவர் முன்னால் வந்து கையை நீட்டினார். "பெரியவரே, எங்க போகணும்?"

பதினோரு வருஷம் ஓடின பஸ். அந்த முகத்தில் டிரைவரைத் தெரிந்த அடையாளம் துளி இல்லை.

"நம்ம ரூமுக்குய்யா."

"அங்கெல்லாம் வண்டி போகாது."

மறுபடி சிரிப்பு. சிரிக்காமல் நின்றது சுவரோரம் மேட்ரன் மட்டும். அவள் கண்டக்டரைப் பார்க்கவில்லை. டிரைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். அதற்கடுத்த நாள் கண்டக்டரின் பெட்டியை மாடிக்குத் தூக்கினார்கள்.

"சும்மா நடிச்சான்மா. சினிமால்ல" என்றார் டிரைவர் மேட்ரனிடம்.

"எத்தனை மாசமா மறைச்சீங்க? ராத்திரி வெளிய போயி விழுந்திருந்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் எரிச்சல்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபிறகு படம் வந்தது. சினிமாக்காரர்கள் இல்லத்துக்கு ஒரு டிஸ்க் அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாடியில் டிவியில் போட்டார்கள். டிரைவர் சட்டை மாற்றிக்கொண்டு போய்க் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிக்கெட் காட்சி வந்தது. கண்டக்டர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர். "யாருய்யா இந்த ஆளு? பலே ஆளா இருக்கானே!"

"தெரிஞ்ச ஆளுதான்."

"பக்கத்துல உம்முனு ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன் யாரு? ஊரே சிரிக்குது, அவனுக்கு என்ன கேடாம்?"

"தெரியலை."

"கூட யாரும் வரலை போல, பாவம்" என்றார் கண்டக்டர். பிறகு திரும்பி டிரைவரை முழங்கையால் இடித்தார். "நீங்க சிரிங்க பெரியவரே. நல்ல படம்."

டிரைவர் சிரித்தார். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று நர்ஸ் சாவியோடு வந்து நின்றாள். படத்தில் நாலு கிழவர்களும் இன்னும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.