மாமனார் தொங்கிய சுவர்

என் மாமனார் சுடலைமுத்து போய்ச் சேர்ந்து சில வருஷமாகிவிட்டது. ஆனால் எங்கள் ஹாலை விட்டு அவர் போகவில்லை. டிவிக்கு மேலே, பிளாஸ்டிக் மாலையும் சீரோ வாட் பல்புமாக, ஜன்னல் அளவு படத்திலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம். "கொஞ்சம் சிரிங்க சார்" என்ற போட்டோகிராபரிடம் "எதுக்கு?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. நான் சோபாவில் காலை நீட்டினால், எதுக்கு? மத்தியானம் ஒரு சீரியல் போட்டால், எதுக்கு?

செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. படத்தை இறக்குங்கள் என்று நேராகச் சொல்லத் தைரியமில்லை. அதனால் டிவி சுவர் முழுக்கச் செங்கல் பதிக்கலாம் என்று என் புருஷன் சிவசங்கரிடம் ஆரம்பித்தேன். முழுச் செங்கல் இல்லை, பிஸ்கட் கனத்துக்குச் சீவிய வில்லைகள். அதில் துளை போட்டால் விரிசல் விடும் என்று கடையிலேயே விசாரித்து வைத்திருந்தேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

"பதிச்சுக்க. முடிஞ்சதும் அப்பாவ அங்கயே மாட்டிடணும்," என்றார்.

எங்கள் எடமலைப்பட்டி புதூரிலேயே இருக்கும் கொத்தனார் ஸ்தனிஸ்லாஸ் வந்தார். மாமனாரை இறக்கிப் பீரோவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கொத்தனார் சுவரைக் கொத்திவிட்டு, ரசமட்டம் வைத்து, அடிவரிசையிலிருந்து பசை தடவி ஒட்டிக்கொண்டே மேலே ஏறினார். மாமியார் சந்திரம்மாள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். அவர் டிவி பார்ப்பதும் அங்கே நின்றுதான். சோபாவில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூட்டுவலிக்காரர், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கடைசி வரிசை ஒட்டும்போது என் புருஷன் கேட்டார். "பெரிய படம் ஒண்ணு மாட்டணும். தாங்குமா?"

ஸ்தனிஸ்லாஸ் நல்ல மனுஷர். அதுதான் தொல்லை.

"செங்கல்ல ஓட்டை போட்டா விரிஞ்சிடும் சார். ரெண்டு செங்கலுக்கு நடுவுல சந்து இருக்குல்ல, அதுல போடுங்க. ஒண்ணும் ஆகாது."

கடைக்காரர் இதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் டிரில் மெஷினோடு ஸ்டூலில் ஏறினார். மாமனார் சோபாவில் சாய்ந்தபடி காத்திருந்தார்.

"இறங்குடா," என்றார் மாமியார்.

"சந்துலதாம்மா போடறேன். செங்கல் உடையாது."

"செங்கலுக்காகச் சொல்லல. ஸ்டோர் ரூம்ல மாட்டு. அரிசி டிரம்முக்கு எதிர்ல."

"அப்பாவ ஸ்டோர் ரூம்லயா?"

"இருந்த வரைக்கும் அந்த ரூம் சாவி அவரு இடுப்புலதானடா இருந்துச்சு. தினம் அவருதான் அளந்து போடுவாரு. முசிறிலேர்ந்து எங்கண்ணன் வந்திருந்தப்ப ரெண்டு பிடி கூடக் கேட்டேன். எதுக்குன்னாரு. அண்ணன் காதுல விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் இந்த வாசப்படிய மிதிக்கல." மாமியார் குரல் ஏறவே இல்லை. "அரிசின்னா அவருக்கு உசுரு. அங்கயே இருந்து பாத்துக்கட்டும்."

என் புருஷன் இறங்கி, அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனார். உள்ளே டிரில் ஓடும் சத்தம் கேட்டது.

மாமியார் வந்து, படம் இருந்த அதே இடத்தில் சோபாவில் உட்கார்ந்தார். மூட்டு ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. காலை டீப்பாய் மேல் நீட்டிச் செங்கல் சுவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "யாழினி, அண்ணனுக்கு போன் போட்டுக் குடும்மா. சாப்பிட வரச் சொல்றேன்."

போன் போட்டுக் கொடுத்துவிட்டு அரிசி எடுக்கப் போனேன். டிரம்முக்கு எதிரே மாமனார் முறைத்தார். அளந்து போட்டதற்கு மேல் இன்னும் ரெண்டு பிடி அள்ளிப் போட்டேன்.