இரண்டு மூட்டை உப்பு

பென்னலூரில் நாகப்பன் கட்டிவிட்ட ஆறு ரூம்களில் கடைசி ரூம் எங்களுடையது. ஆறுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், அதற்கு அடியில் தளம் போடாத ஓர் உறைக் குழி. குழியிலிருந்து இருபதடி தள்ளி அடிபம்பு. ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற அத்தனை பேரும் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். நாகப்பன் வீட்டுக்கு மட்டும் தெருவின் மறுபக்கம் தனிக் கிணறு. என் மகள் சுகப்பிரியாவுக்கு ஒன்றரை வயது. வயிற்றுப்போக்கு என்று மூன்றாவது முறையாகக் குளுக்கோஸ் ஏற்றிய அன்று, தண்ணீரை மாற்றச் சொன்னார் டாக்டர்.

குழியை வேறு பக்கம் மாற்றுங்கள் என்று நாகப்பனிடம் போய் நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது மணல் பூமிம்மா, எல்லாத்தையும் வடிகட்டிடும். தண்ணி கண்ணாடி மாதிரி கீது. இன்னா கொறை உனக்கு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் எட்டு வருடம் உப்பளத்தில் வெந்தவள் நான். மணலைப் பற்றி எனக்கே பாடமா? மணல் கலங்கலைப் பிடித்து வைக்கும்; கரைந்ததைப் பிடிக்காது. தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும். இங்கே பம்பை அடிக்க அடிக்க, குழித் தண்ணீர் பம்பைப் பார்த்துத்தான் நகரும்.

வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை அவர். மற்ற ரூம்காரர்களிடம் பம்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானும் என் வீட்டுக்காரர் பேச்சிராஜும் இரண்டு மூட்டை கல்லுப்பை வாளி வாளியாகக் கரைத்துக் குழிக்குள் ஊற்றினோம். தினமும் காலையில் பம்புத் தண்ணீரை நுனிநாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்தேன். நான்கு நாள் ஒன்றுமில்லை. அந்த ஆள் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஐந்தாம் நாள் லேசாகக் கரித்தது. ஏழாம் நாள் வாயில் வைக்க முடியவில்லை.

ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவரும் அவர் மனைவி அம்சவல்லியும் நின்றிருந்தார்கள். குழியில் உப்பு போட்டதை ஒளிக்காமல் சொன்னேன்.

“நீங்களே வாயில வச்சுப் பாருங்க, அண்ணாச்சி.”

அவர் சொம்பைத் தொடவில்லை. அம்சவல்லிதான் வாங்கினாள். அவள் அதை உதட்டருகே கொண்டுபோனதும் நாகப்பன் பாய்ந்து தட்டிவிட்டார்.

“அத்தப் போய் குடிக்கிறியே, அறிவு கீதா உனக்கு?”

சொம்பு படியில் உருண்டது. அம்சவல்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு வருசமா எம்பிள்ள குடிச்சாளே,” என்றேன். “அப்ப இந்தக் கை எங்க போச்சு?”